கைதட்டியவர்களிடம் வீடு கேட்டேன்

இந்த ஊருக்கு வெளியில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. முதலாவது பழையது. கனடாவில் இருக்கும் என் தங்கை போன் எடுத்தவுடன் அதைத்தான் கேட்பாள்.

"அக்கா, உங்கை இன்னும் மாபியாக்காரர் சுடுறவங்களோ?"

"ஓமடி. நேற்றும் எங்கடை குசினிக்குள்ளை வந்து ரெண்டு பேரைச் சுட்டுப்போட்டுப் போட்டாங்கள். இப்பதான் நிலம் துடைச்சு முடிச்சனான்."

"ஐயோ அக்கா, பிள்ளைக்கு ஒண்டும் இல்லையே?" என்றாள் அவள். நம்பிவிட்டாள் என்று தெரிந்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. ஷெல்லுக்குள்ளால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவள் நான். வன்னியில் ஒரு பின்னேரத்தில் கேட்ட சத்தத்தை இந்த ஊரில் இத்தனை வருடத்தில் கேட்டதில்லை. இங்கே வெடிச்சத்தம் கேட்டால் அது யாருக்கோ பிறந்தநாள், அல்லது யாரோ ஒருவன் சிறையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான்.

இரண்டாவது பெயர் புதியது. வரவேற்கும் நகரம். பலேர்மோவில் வாழ்கிறவன் எவனும் அந்நியன் இல்லை, எல்லோரும் பலேர்மோக்காரர்தான் என்று மேடைகளில் சொன்னார்கள். அதைக் கேட்டு இத்தாலியின் வடக்கிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் கமராவோடு ஆட்கள் வந்தார்கள். மலையில் இருக்கும் இந்த ஊரின் காவல் புனிதை சாந்தா ரோசாலியாவிடம் எங்கள் ஆட்கள் வெறுங்காலோடு ஏறிப்போவதைப் படம் பிடித்தார்கள். சைவக்காரர் கத்தோலிக்கப் புனிதையைக் கும்பிடுகிறார்கள், பாருங்கள் இந்த ஊரின் மனதை என்றார்கள். நாங்கள் இலங்கையில் மடுமாதாவிடமும் போனவர்கள்தான். கும்பிடுகிற இடத்தில் சாமியிடம் யாரும் பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி கேட்பதில்லை. இதில் ஊரின் மனது எங்கே வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

ஊர்களுக்குப் பெயர் வைக்கிறவர்கள் அந்த ஊரில் வீடு தேடியிருக்க மாட்டார்கள். நான் தேடினேன். அதைத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் போர்கோ வெக்கியோவில் இருந்தோம். துறைமுகத்துக்குக் கிட்ட, சந்தைத் தெருவில், பழைய கட்டடத்தின் மேல்மாடி. என் கணவர் வுச்சீரியாச் சந்தைப் பக்கத்தில் ஒரு உணவகத்தின் குசினியில் வேலை செய்கிறார். மகள் தாதிப் படிப்புப் படிக்கிறாள். நான் வீடுகள் துப்புரவாக்குகிறேன். ஒரு மாரிகாலத்துக் காலையில் எங்கள் குசினியின் முகடு விழுந்தது. முழு முகடும் இல்லை, அடுப்புக்கு மேலே இருந்த பகுதி. நான் அப்போதுதான் புட்டு அவித்து இறக்கிவிட்டு உடுப்புக் காயப்போட வெளியே போயிருந்தேன். திரும்பி வந்தபோது புட்டுப் பானையும் சாமிப் படங்களும் சுண்ணாம்புக்குள் கிடந்தன. கம்பியெல்லாம் துருப்பிடித்து வெளியே தெரிந்தது.

முதலில் ஓடி வந்தவள் கீழ்வீட்டுக்காரி. அவள் சந்தையில் பனெல்லே பொரித்து விற்கிறவள். கடலைமாவைக் களி கிண்டி, வெட்டி, எண்ணெயில் போட்டு எடுத்துப் பாணுக்குள் வைத்துக் கொடுக்கிற சாப்பாடு அது. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். எனக்கும் அவளுக்கும் ஒவ்வொரு நாளும் சண்டை. நான் உடுப்புப் பிழியாமல் காயப்போட்டுத் தன் தலையில் தண்ணி ஊற்றுகிறேன் என்று அவள் கத்துவாள். அவளுடைய எண்ணெய்ப் புகை என் உடுப்பில் பிடிக்கிறது என்று நான் கத்துவேன். கறுப்பரை எல்லாம் கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்ப வேண்டும் என்று சொல்லும் கட்சிக்குத்தான் அவள் வாக்குப் போடுகிறாள். அதை என் முகத்துக்கு நேரே சொல்லுவாள்.

"உன்னை இல்லை. மற்றவையை."

அன்றைக்கு விளக்குமாற்றோடு மேலே வந்தாள். முகட்டைப் பார்த்தாள். வீட்டுச் சொந்தக்காரனின் தாயையும் தாயின் தாயையும் ஏசினாள். பிறகு என்னைப் பார்த்து, "நீ ஏன் சிலை மாதிரி நிக்கிறாய்? அந்தக் கடவுள் படத்தை எடுத்துத் துடை. நாலு கை வைச்சிருந்தும் ஒரு முகட்டைப் பிடிக்கத் தெரியேல்லை அவருக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகடு விழுந்த வீட்டில் நின்று இரண்டு பேரும் சிரித்தோம்.

நகரசபையிலிருந்து ஒரு பொறியியலாளர் வந்து பார்த்தார். இதில் ஆட்கள் இருக்கக்கூடாது, மாத முடிவுக்குள் வெளிக்கிடுங்கள் என்றார். எங்கே போவது என்று கேட்டேன். அது தன்னுடைய பகுதி இல்லை என்றார். எங்கள் மூன்று பேருடைய பெர்மெசோவும் புதுப்பிக்க வேண்டிய நேரம். அதற்குப் பதிவு செய்த வாடகை ஒப்பந்தமும் விலாசமும் வேண்டும். வீடு கிடைக்காவிட்டால் தெருவில் நிற்பது மட்டும் இல்லை, குவெஸ்தூராவில் பொலிஸ்காரருக்கு முன்னாலும் விலாசம் இல்லாமல் நிற்க வேண்டிவரும். மகளின் படிப்பும் அதோடு தொங்கியது.

மகள்தான் போனில் வீடு கேட்டாள். அவள் பேசினால் இந்த ஊர்ப் பெட்டை பேசுவது போலவே இருக்கும். எல்லோரும் வாருங்கள், வந்து பாருங்கள் என்பார்கள். வாசலில் எங்களைக் கண்டதும் முகம் ஒரு கணம் நிற்கும். பிறகு சிரிப்பு வரும். உள்ளே கூப்பிட்டுக் கோப்பி தருவார்கள். கோப்பி குடித்து முடிகிறபோது வீடு வாடகைக்குப் போய்விட்டிருக்கும்.

"மிங்க்யா, அம்மா, நாங்கள் படியிலை ஏறி வாறதுக்குள்ளை ஆரோ வந்து எடுத்துக்கொண்டு போயிட்டினமாம்" என்றாள் மகள், மூன்றாவது வீட்டிலிருந்து இறங்கியபோது.

"அந்த ஊத்தைச் சொல்லைச் சொல்லாதை எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"அடுத்த வீட்டுக்கு நான் தனியப் போறன். நீங்கள் ரெண்டு பேரும் வரவேண்டாம்."

"ஏன், உன்ரை முகம் மட்டும் வெள்ளையோ?"

அவள் நடுத்தெருவில் நின்று சிரித்தாள். அவள் அப்பாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு வீட்டுக்காரர், தமிழர் என்றால் தனக்கு நல்ல விருப்பம், அமைதியான ஆட்கள், துப்புரவான ஆட்கள் என்றார். தன் தாயைக் கடைசிவரை வைத்துப் பராமரித்தது ஒரு தமிழ் மனிசிதான் என்றார். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு நிலமட்டத்தில் யன்னல் இல்லாத ஒரு அறையைத் திறந்து காட்டினார். கடல் தெரிகிற வீட்டுக்குக் கேட்கிற வாடகையைக் கேட்டார். உங்கள் அம்மாவை இதற்குள் வைத்தா பார்த்தீர்கள் என்று கேட்டேன். என் கணவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

என்னைக் கோபப்படுத்தியது அவர்கள் சொன்னது இல்லை. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான். தமிழருக்கு இல்லை என்று ஒருவன் முகத்தில் சொன்னால் திரும்ப ஏசிவிட்டு வரலாம். இந்த ஊரில் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வெதியாமோ என்பார்கள். பார்ப்போம் என்று அர்த்தம். தலையைக் கொஞ்சம் சரித்து, கண்ணால் சிரித்து, வெதியாமோ. அந்தச் சொல்லோடு நீங்கள் வீட்டுக்குப் போய் நாள்கணக்காகப் போனைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். எங்களுக்கு மட்டும் இல்லை, அவர்களுடைய சொந்த ஆட்களுக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள், தண்ணீர் வராதபோது சொல்கிறார்கள். அவர்களுக்கு அதைக் கேட்டுக்கொண்டு காத்திருக்கத் தாயின் வீடாவது இருக்கிறது. எங்களுக்கு மாத முடிவு இருந்தது.

நான் வேலை செய்கிற வீடுகளில் ஒன்று ஒரு வயதான அம்மாவுடையது, சின்யோரா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். ஓய்வுபெற்ற ஆசிரியை, தனியாக இருக்கிறார். மாபியாக்காரர் நீதிபதிகளைக் குண்டு வைத்துக் கொன்ற காலத்தில் இந்த ஊர்ச் சனம் பல்கனிகளில் வெள்ளைப் படுக்கை விரிப்புகளைத் தொங்கவிட்டு எதிர்ப்புக் காட்டியது. அவரும் ஒன்று தொங்கவிட்டார். அந்த விரிப்பு இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் அதைத் தோய்த்து ஸ்திரிக்கை போடுகிறது நான்தான். அதில் எனக்குக் குறை இல்லை. ஆயுதம் வைத்திருப்பவனுக்கு எதிராக ஒரு துணியைத் தொங்கவிடவும் பயந்த காலம் எங்களுக்கு இருந்தது. அவர் பயப்படவில்லை. அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் அவருக்கு ஒரேத்தோவில் இன்னொரு வீடு இருக்கிறது. செத்துப்போன தங்கையின் வீடு. இரண்டு அறை, பெரிய குசினி, இரண்டு பக்கமும் யன்னல். ஒருவரும் இல்லாமல் பூட்டிக் கிடந்தது. மாதத்துக்கு ஒருமுறை போய்த் தூசி தட்டுகிறது நான். ஒருவரும் நடக்காத நிலத்தைத் துடைப்பேன். ஒருவரும் சமைக்காத அடுப்பைத் துடைப்பேன். முகடு விழுந்த பிறகு அந்த வீட்டுக்குப் போனபோது சின்யோராவும் கூட வந்தார். தங்கையின் பியானோவைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு எங்கள் வீட்டு விசயம் முழுக்கத் தெரியும். நான் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு நேரடியாகக் கேட்டேன்.

"சின்யோரா, இந்த வீட்டை எங்களுக்கு வாடகைக்குத் தாங்கோ. முறையா ஒப்பந்தம் எழுதி. வாடகை பிந்தாது."

அவர் பியானோவை மூடினார். முகம் சிவந்தது. இந்த மாடியில் இருக்கிறவர்கள் வயதான ஆட்கள், தங்கையின் சாமான்கள் எல்லாம் அப்படியே கிடக்கின்றன என்றார். பிறகு தலையைச் சரித்தார்.

"வெதியாமோ."

நான் துடைப்பத்தை எடுத்து மிச்ச நிலத்தையும் துடைத்தேன். என்ன செய்வது.

அந்தக் கிழமையே கீழ்வீட்டுக்காரி மேலே வந்து ஒரு வழி சொன்னாள். சந்தைக்குப் பின்னால் ஒரு கோப்பிக் கடையில் ஒரு மனிதர் இருப்பார், அவரிடம் வீடுகள் இருக்கின்றன, போய் வணக்கம் சொன்னால் நாளைக்கே திறப்புக் கிடைக்கும். யாருடைய வீடுகள் என்று கேட்டேன்.

"அவன்ரை கையிலை இருக்கிற வீடுகள். உனக்கு வீடு வேணுமோ, வீட்டின்ரை சாதகம் வேணுமோ?"

போனோம். சினிமாவில் வருவது போல ஒருவரும் இல்லை. மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு வயதானவர், பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். எழும்பி நின்று எனக்குக் கதிரை தந்தார். கடைக்குள் வருகிற ஒவ்வொருவரும் முதலில் அவருக்குத்தான் தலையசைத்தார்கள். பெரிய திறப்புக் கோர்வை ஒன்று கோப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் கிடந்தது. நல்ல மனிதர்களுக்கு இடையில் ஒப்பந்தம் எதற்கு, ஒரு உதவி செய்தால் நாளைக்கு நீங்களும் ஒரு உதவி செய்வீர்கள்தானே என்றார்.

வெளியே வந்ததும் என் கணவர் சொன்னார், "இஞ்சேர், எடுப்பம். வேறை என்ன வழி?"

"வேண்டாம்."

"நீர் எல்லாத்துக்கும் வேண்டாம் எண்டுறீர். மாதம் முடியப்போகுது."

"ஊரிலையும் திறப்பைக் கையிலை வைச்சுக்கொண்டு மரியாதையாக் கதைச்ச ஆக்களைக் கண்டனாங்கள்தானே. பிறகு என்ன கேட்டவங்கள்? பிள்ளையைக் கேட்டவங்கள்."

அவர் என் கைப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் சமிக்ஞையில் நின்று, விளக்கு மாறியும் கொஞ்ச நேரம் கடக்காமல் நின்றோம்.

அப்படியென்றால் தங்கை கேட்பதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் அவள் தேடுகிற சத்தம் அதில் இல்லை. கதிரை தருகிறார்கள், கோப்பிக்குக் காசு எடுக்க விடுகிறார்கள் இல்லை. வேண்டாம் என்று நான் சொன்னதைக் கீழ்வீட்டுக்காரி தனக்குச் செய்த அவமானமாக எடுத்தாள். "உனக்கு எங்கடை ஆக்களை விடப் பெரிய ஆக்கள் கிடைச்சிட்டினமோ?" என்று படியில் நின்று கத்திவிட்டுக் கதவைச் சாத்தினாள். பிறகு சில நாட்கள் சண்டைகூட இல்லை.

இதற்குள் சின்யோரா இன்னொன்றைக் கேட்டார். அவருடைய நண்பர்கள் வுச்சீரியாவுக்குக் கிட்ட ஒரு சதுக்கத்தில் கூட்டம் வைக்கிறார்கள். வரவேற்கும் நகரத்தைப் பற்றி. பல நாட்டு ஆட்கள் பேசுவார்கள். நான் சேலை கட்டிக்கொண்டு வந்து நாலு வசனம் சொல்ல வேண்டும். நான் இலங்கையிலிருந்து வந்தவள், பலேர்மோ என்னை ஏற்றுக்கொண்டது, நானும் பலேர்மோக்காரி, நன்றி. அவர் நல்ல மனதோடுதான் கேட்டார். அதுதான் கஷ்டம். கெட்ட மனதோடு கேட்டிருந்தால் போயிருக்க மாட்டேன்.

மகளும் வந்தாள். சதுக்கத்தில் கதிரைகள் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் மேளம், ஒரு பக்கம் கோதுமை ரவையில் செய்த கூஸ்கூஸ் சாப்பாடு. எனக்கு முன்னால் பேசிய ஆபிரிக்கப் பொடியன் கடலில் வந்த கதையைச் சொன்னான், நிறையப் பேர் அழுதார்கள். பிறகு சின்யோரா ஒலிவாங்கியைப் பிடித்து, இவர் எங்கள் வீட்டில் பல காலமாக இருக்கிறார், எங்கள் குடும்பத்தில் ஒருவர் என்று என்னை அறிமுகப்படுத்தினார். அந்தக் குடும்பத்தில் கழிப்பறை கழுவுகிற ஒருத்தி நான் மட்டும்தான்.

ஒலிவாங்கி என் கைக்கு வந்தது. நாலு வசனமும் எனக்குப் பாடம். வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"என்ரை வீட்டு முகடு விழுந்திட்டுது. மாத முடிவிலை வெளிக்கிட வேணும். இந்த ஊரிலை நிறைய வீடு கேட்டுப் பார்த்தன். எல்லாரும் கோப்பி தந்தவை, வீடு தரேல்லை. நீங்கள் எல்லாரும் நல்ல ஆக்கள் எண்டு தெரியும். அதாலை கேக்கிறன். உங்களிலை ஆரிட்டை வெறும் வீடு இருக்கு? இருக்கிறவை கையைத் தூக்குங்கோ."

என் இத்தாலிய மொழி அழகானது இல்லை. ஆனால் இது எல்லோருக்கும் விளங்கியது. ஒரு கையும் எழும்பவில்லை. பின்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார் என்று நினைத்தேன். அவர் கைதட்டுவதற்காகத் தூக்கினார். பக்கத்தில் இருந்தவரும் தட்டினார். பிறகு எல்லோரும். எழும்பி நின்று தட்டினார்கள். ஒரு பெண் "பிராவா!" என்று கத்தினாள். மேளக்காரர் ஒரு அடி அடித்தார்.

நான் உண்மையாகவே வீடு கேட்டேன். அவர்கள் அதை ஒரு பேச்சு என்று நினைத்துவிட்டார்கள்.

மேடையால் இறங்கினால் ஆள் மாறி ஆள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். எவ்வளவு உண்மை, எவ்வளவு துணிவு என்றார்கள். போனில் படம் எடுத்தார்கள்.

"என்னடி நடக்குது?" என்று மகளிடம் கேட்டேன்.

"நீங்கள் பேமஸ் ஆகிட்டியள் அம்மா."

"வீடு?"

"வீடு இல்லை. கூஸ்கூஸ் இருக்கு, சாப்பிடுறியளோ?"

திரும்பும்போது சின்யோரா எங்களோடு நடந்து வந்தார். சந்தி வரைக்கும் கைப்பையைத் திறந்து திறந்து மூடினார். பிறகு சொன்னார்.

"என்னிடம் தனியாகக் கேட்டிருக்கலாமே."

"கேட்டனான், சின்யோரா. பியானோவுக்குப் பக்கத்திலை நிண்டு கேட்டனான்."

அவர் நின்றுவிட்டார். மகள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள், அம்மா காணும் என்று. இருந்த வேலையும் இத்தோடு போனது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வேலை நாளில் போனபோது அவர் கோப்பி போட்டு வைத்திருந்தார். என்னை இருக்கச் சொன்னார். அந்தக் குசினிக் கதிரையில் நான் அதற்கு முதல் இருந்ததில்லை.

"அங்கே கை தூக்காமல் இருந்தவர்களில் நானும் ஒருத்தி," என்றார். "தங்கையின் சாமான்கள் என்று உங்களிடம் சொன்னேன். அது பாதிதான் உண்மை. அந்த மாடியில் இருப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்று பயந்தேன். கொலைகாரர்களுக்கு எதிராகத் துணி தொங்கவிடும்போது வராத பயம், படியில் சந்திக்கிற ஆட்களை நினைத்து வந்தது."

நான் ஆறுதல் சொல்லவில்லை. ஆறுதல் சொல்லுகிற வேலைக்கு நான் போகவில்லை. ஒப்பந்தம் பதிவு செய்வீர்களோ என்று கேட்டேன். ஓம், பதிவு செய்து, எங்கள் பெயரில் என்றார். பியானோவை மட்டும் அசைக்க வேண்டாம் என்று கேட்டார். நானும் ஒன்று கேட்டேன். நான் வேலைக்கு வருகிற நாளில் நீங்கள் வீட்டுக்காரியாகக் கதைக்கக்கூடாது, வாடகை தருகிற நாளில் எசமானியாகக் கதைக்கக்கூடாது. அவர் முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும், முயற்சி செய்கிறேன் என்றார். அவர் முயற்சி செய்கிறார். சில நாளில் மறந்துபோகிறார். நான் நினைவுபடுத்துகிறேன்.

குடிபுக நல்ல நேரத்தைக் கோயில் ஐயரிடம் என் கணவர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை விடியப்புறம் வந்தது. அந்த நேரத்தில் சாமான் ஏற்ற எந்த வண்டிக்காரனும் வரமாட்டான் என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்க, தெருவில் ஹோர்ன் சத்தம் கேட்டது. கீழ்வீட்டுக்காரி தன் மருமகனையும் அவனுடைய மூன்று சக்கர வண்டியையும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள்.

"நீ என்னோடை கோவம்தானே?" என்று கேட்டேன்.

"கோவம்தான். அதுக்காக இந்த அலுமாரியை ஆர் தூக்கிறது, உன்ரை புருசனோ? அந்தாள் ஒரு வெங்காயக் கூடை தூக்கினாலே வேர்க்குது."

என் கணவர் கேட்டும் கேட்காத மாதிரிச் சாமிப் படத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார்.

ஒரேத்தோ வீட்டில் சின்யோரா எங்களுக்கு முதலே வந்து நின்றார், ஒரு கேக் பெட்டியோடு. நாங்கள் செருப்பைக் கழற்றி, வலதுகாலை வைத்து உள்ளே போய், படத்தை வைத்து விளக்கு ஏற்றினோம். புதுப் பானையில் பால் வைத்தேன். எங்கள் ஆட்கள் புது வீட்டில் பால் காய்ச்சினால் அது பொங்கி வழிய வேண்டும். வழிந்தால்தான் அந்த வீட்டில் சாப்பாடும் சந்தோசமும் நிறையும் என்பது நம்பிக்கை. நாங்கள் மூன்று பேரும் கைகூப்பிக்கொண்டு பானையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பால் நுரைத்து எழும்பியது. விளிம்புக்கு வந்தது.

சின்யோரா ஒரு சத்தம் போட்டுக்கொண்டு பாய்ந்து வந்து அடுப்பை நிறுத்தினார்.

பால் அப்படியே கீழே இறங்கியது. என் கணவர் கூப்பிய கையை இறக்கினார். மகள் வாயைப் பொத்தினாள்.

"ஐயோ, நிப்பாட்டாதேங்கோ!" என்று நான் தமிழில் கத்தினேன். அவரிடம் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார், சுட்டுவிட்டது போல.

மகள் விளங்கப்படுத்தினாள். வழிய வேண்டும், வேண்டுமென்றே வழியவிடுகிறோம் என்று. சின்யோரா தங்கையின் அடுப்பைப் பார்த்தார், பாலைப் பார்த்தார். கீழ்வீட்டுக்காரி வாசலில் அலுமாரிக் கதவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"டீச்சர் அம்மா, சனத்தை வரவேற்கிறன் எண்டு சொன்னால் போதாது. அவையின்ரை பாலையும் கொட்ட விடவேணும்."

நான் திரும்ப அடுப்பைப் பற்றவைத்தேன். இந்த முறை ஒருவரும் அசையவில்லை. பால் பொங்கி, கிழக்குப் பக்கமாக வழிந்து, அடுப்பில் கருகி மணத்தது. என் கணவர் அரோகரா என்றார்.

பாலுக்குச் சீனி போட்டு எல்லோருக்கும் கொடுத்தேன். அரைக் கோப்பை குடிப்பதற்குள் இரண்டு பெண்களும் தொடங்கிவிட்டார்கள்.

"மேடையிலை ஏத்திப் படம் எடுக்க நூறு பேர் வந்தவையாம். கட்டில் தூக்க எங்கை ஒருத்தரையும் காணேல்லை," என்றாள் கீழ்வீட்டுக்காரி.

"நீங்கள் வாக்குப் போடுகிற கட்சி இவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்கிறது," என்றார் சின்யோரா.

"இவளை இல்லை!"

"வேறு யாரை?"

"மற்றவையை!"

"அந்த மற்றவர்களுக்கும் கீழ்வீட்டில் ஒருத்தி இருப்பாள். அவளும் இவளை இல்லை என்றுதான் சொல்லுவாள். பிறகு யாரைத்தான் கப்பலில் ஏற்றுவீர்கள்?"

கீழ்வீட்டுக்காரி கோப்பையை நிலத்தில் வைத்தாள். பதில் வராவிட்டால் அவள் சத்தத்தைக் கூட்டுவாள். கூட்டினாள். சின்யோராவும் முப்பது பிள்ளைகளை அடக்கின குரல்தானே, அவரும் கூட்டினார். அந்தச் சண்டைக்குள் திறப்புக் கோர்வைக்காரரின் பேச்சு வந்தது, வெள்ளை விரிப்பு வந்தது, இந்த ஊரை யார் கெடுத்தது என்பது வந்தது. மருமகன் கட்டிலின் பலகையைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றான்.

வாசல் மணி அடித்தது.

இந்தப் புதுக் கட்டடத்தின் கீழ்மாடியில் இருப்பவர். காலையிலேயே தலை வாரி, கழுத்துப்பட்டி இல்லாமல் கோட் போட்டிருந்தார். கதவைத் திறந்த எனக்கு மிக மரியாதையாகக் காலை வணக்கம் சொன்னார்.

"உங்கள் நாட்டில் பழக்கவழக்கங்கள் வேறு என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை, இந்த நேரத்தில், இவ்வளவு சத்தம்..."

வீட்டில் தமிழர் மூன்று பேர் இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. உள்ளே இரண்டு பலேர்மோக்காரிகள் ஊரைக் கிழித்துக்கொண்டு இருந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அவரைப் படியால் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. இனி ஒவ்வொரு நாளும் அவரைப் படியில் சந்திக்க வேண்டும். கதவை நன்றாக அகலத் திறந்தேன்.

"உள்ளை வந்து பாருங்கோ. எங்கடை நாட்டுக்காரர் எவர் கத்துறது எண்டு நீங்களே சொல்லுங்கோ."

அவர் எட்டிப் பார்த்தார். சின்யோராவை அவருக்குப் பல காலமாகத் தெரியும். அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் திருப்தியாகத்தான் இருந்தது. மன்னிக்கச் சொல்லிவிட்டுத் திரும்பப் போனார். ஆனால் அதற்குள் கீழ்வீட்டுக்காரி ஒரு பழைய நகரத் தலைவரின் பெயரைச் சொல்லி ஏசினாள். அவர் நின்றார். அது அப்படி இல்லை என்றார். இன்னும் ஒரு அடி உள்ளே வைத்தார். அந்த ஆள் இந்த ஊருக்கு என்ன செய்தார் என்று உங்களுக்குத் தெரியுமோ என்று கேட்டார்.

மகள் அவருக்கும் ஒரு கோப்பை பால் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார், யார் கொடுத்தது என்று பார்க்கவில்லை.

வாதாடிக்கொண்டிருந்த அந்த மூன்று பேரையும் நான் குசினியிலிருந்து கூடத்துக்குப் போகச் சொன்னேன். அடுப்பில் பால் காய்ந்து பிடித்துக்கொண்டால் பிறகு சுரண்டுவது கஷ்டம். அவர்கள் கதைத்துக்கொண்டே போனார்கள். என் கணவர் கட்டிலைப் பூட்டத் தொடங்கினார். நான் துணியை நனைத்தேன்.